இரண்டாம் இஞ்சினின் கறுப்புப் புகை

ஆந்திர எல்லையோரம் இருக்கிற எங்கள் நகரியில் கடல் கிடையாது. ஆறு ஒன்று உண்டு, அதிலும் மழை பெய்தால்தான் தண்ணீர். அப்படிப்பட்ட ஊருக்கு என் அண்ணன் ஒரு பழைய படகின் இரண்டு டீசல் இஞ்சின்களைச் சென்னையிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. எங்களைப் போலவே விசைத்தறி ஓட்டும் பக்கத்து ஷெட்காரர், "கப்பலு வந்துச்சி, சரி. கடல எப்பப்பா இட்டுகினு வரப் போற?" என்று கேட்டார். அண்ணன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரேணிகுண்டாவில் ஒரு லாரி ஒர்க் ஷாப்பில் டீசல் மெக்கானிக்காக இருந்தவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கியிருக்கிறானே என்று கோபம்.

கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் அவன் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

வெளிநாட்டுச் சாமான்கள் கடைகளில் வந்து குவிந்த காலம் அது. திருப்பதியில் திரும்பிய பக்கமெல்லாம் எஸ்.டி.டி. பூத். ரேணிகுண்டா ரோட்டில் புதுப்புது கம்பெனிகள். எங்கள் நகரிக்கு மட்டும் வந்து சேர்ந்தது கரண்ட் கட். காலையில் போனால் மத்தியானம் வரும், வந்த வேகத்தில் போகும். தறி ஓட்டுகிறவன் கரண்டை நம்பிப் பாவு நூல் ஏற்ற முடியாது என்று ஆகிவிட்டது. தறிகளை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனவர்கள் பாதிப் பேர். குவைத்துக்குப் போனவர்கள் இன்னும் கொஞ்சம் பேர். எங்கள் தெருவில் சாயங்காலம் கேட்ட தறிச் சத்தம் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது.

அண்ணன் போகவில்லை. படகு இஞ்சின்களை வாங்கினான். தறி ஷெட்டை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கி, அதில் இரண்டையும் அருகருகே உட்கார வைத்து, ஆளுக்கொரு டைனமோ மாட்டினான். படகில் இருந்தபோது கடல் தண்ணீரால் குளிர்ந்தவை அவை. இங்கே அதற்காகச் சுவர் ஓரம் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டி, கிணற்றுத் தண்ணீரைச் சுற்றவிட்டான். புகைக்குழாயைச் சுவர் வழியாக வெளியே எடுத்து மேலே நிமிர்த்தினான். சொந்த மூளையில் செய்ததுதான் எல்லாம். வந்து பார்த்தேன், குறை சொல்ல ஆசையாகத்தான் இருந்தது, பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. பத்துத் தறியும் ஓடின. ஒரு இஞ்சின் பாதித் தறிகளுக்கு, இன்னொன்று மீதிக்கு.

அதன் பிறகு இரண்டு மாதங்கள் கழித்து ஒரு புதன்கிழமை ஒர்க் ஷாப்புக்கு அண்ணியிடமிருந்து போன் வந்தது. அண்ணி போன் செய்கிறவளே இல்லை. பூத்துக்குள் நின்று பேசுவதென்றால் அவளுக்குக் கூச்சம். அன்றைக்குப் பேசினாள்.

"தம்பி, ரெண்டாவது இஞ்சினு கறுப்பா கக்கிகினு கீது. தறி இழுக்க மாட்டேங்குது. நூலு அறுந்து அறுந்து போவுது."

"அண்ணன் இன்னா சொல்றாரு?"

"அவுரு இஞ்சின பத்தி பேசறதே இல்ல. திருப்பதி ஏஜெண்ட்டாண்டதான் பேசிகினு கீறாரு. குவைத்துக்கு. திங்கக்கெயம பதில் சொல்லணுமாம்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இஞ்சினு ஒயுங்கா ஓடிச்சின்னா அவுரு போ மாட்டாரு தம்பி. நீ வந்து பாரு."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி என்னிடம் எதையும் கேட்டதில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் புத்தூர் வழியாக நகரிக்குப் போய் இறங்கினேன். மனசில் ஒரே கணக்கு. திங்கட்கிழமைக்குள் அந்த இஞ்சினைச் சரி செய்தால் அண்ணன் வீட்டில் இருப்பான். செய்யாவிட்டால் விமானம் ஏறுவான்.

போனதும் ஓட்டிப் பார்த்தேன். முதல் இஞ்சின் சுத்தமாக ஓடியது. இரண்டாவதும் கிளப்பியவுடன் நன்றாகத்தான் இருந்தது. நாலு தறியை அதன் மேல் போட்டு அரை மணி நேரம் போனதும் ஆரம்பித்தது. முதலில் சாம்பல் நிறம், பிறகு கறுப்பு, கூடவே ஓரத்தில் நீலம். புகைக்குழாய் ஆரம்பிக்கும் இடம் சூட்டில் லேசாகச் சிவந்துவிட்டது. தறிகள் கிழவர் நடை நடந்தன. புகை காற்றில் திரும்பி ஷெட்டுக்குள் வந்து, வெள்ளைக் காடா துணியில் கரி படிந்தது.

டீசல் இஞ்சினுக்குப் புகைதான் பேச்சு. கறுப்பு என்றால் காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிகிறது. நீலம் என்றால் ஆயில் உள்ளே போய் எரிகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் எந்த மெக்கானிக்கும் முதலில் டர்போவைத்தான் பிடிப்பான். வெளியே போகும் புகையின் வேகத்தில் சுழன்று, வெளிக்காற்றை இழுத்து இஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளுகிற விசிறி அது. அதன் சீல் போனால் ஆயில் கசியும். விசிறி தளர்ந்தால் காற்று குறையும். கழற்றிப் பார்த்தேன். உள்பக்கமெல்லாம் ஆயில் பிசுக்கு. போச்சு, டர்போ சீல் அவுட் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அண்ணன் தொட்டி மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"சரியாவுமா?" என்றான்.

"ஆவும்."

"எப்ப?"

"திங்கக்கெயமைக்குள்ள," என்று வேண்டுமென்றே அழுத்திச் சொன்னேன். அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பீடியைத் தண்ணீரில் அமுக்கினான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் டர்போவைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பும்போது அண்ணி குளித்துவிட்டு வந்து இஞ்சின்களுக்குப் பூசை போட்டாள். தறிக்குப் போடுகிற மாதிரியே மஞ்சள், குங்குமம், கற்பூரம். கடைசியாகத் தறியிலிருந்து அன்றைக்கு அறுத்த காடா துணியில் இரண்டு துண்டு கிழித்து, இரட்டையாக மடித்து, இரண்டு இஞ்சினின் காற்றுக் குழாய் வாயிலும் ஊறுகாய் ஜாடிக்குக் கட்டுவது போல இறுக்கிக் கட்டினாள். அந்தக் குழாய் வாயில் படகுக்காரன் வைத்திருந்தது வெறும் கம்பி வலை. கடலில் தூசி ஏது? இங்கே தறி ஷெட்டில் பஞ்சு பறக்கும், அதை அப்படியே இழுத்தால் இஞ்சின் கெட்டுவிடும். அதனால் துணி கட்டச் சொன்னவனே நான்தான், முதல் தடவை வந்தபோது. அண்ணி அதை வாரா வாரம் மாற்றினாள். பூசை போடும் பொருளுக்குத் துவைத்த பழந்துணி கட்டக் கூடாது, கோடிதான் கட்ட வேண்டும் என்பது எங்கள் தறிக்காரர்கள் வழக்கம். நல்ல கவனம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ரேணிகுண்டாவில் எங்கள் ஒர்க் ஷாப் முதலாளி தெலுங்குக்காரர். டர்போவைப் பிரித்து, விசிறித் தண்டை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தார். சீலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சீல் பாகானே உந்தி ரா. தீன்லோ தோஷம் லேது," என்றார். சீல் நன்றாகவே இருக்கிறது, குறை இதில் இல்லை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆயில் கசிந்திருக்கிறதே என்று அவரிடம் சண்டை போட்டேன். கசிந்தது நிஜம், ஏன் கசிந்தது என்று நீ போய்ப் பார் என்றார். சுத்தம் செய்து புது சீலே போட்டுக் கொடுங்கள் என்று பிடிவாதம் பிடித்துப் போட்டுக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை மாட்டினேன். சுத்தமாகக் கிளம்பியது. அண்ணி கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து புகைக்குழாயை அண்ணாந்து பார்த்தாள். ஆகாயம் தெளிவாக இருந்தது. உள்ளே போய் டீ போட்டாள். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் கறுப்பு வந்துவிட்டது. பக்கத்து ஷெட்காரர் மதில் மேல் தலையை நீட்டி, "உப்புத் தண்ணி குடிச்சி வளந்தது, நம்மூர் தண்ணி ஒத்துக்கல போல," என்றார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. இஞ்சின் இரண்டும் ஒரே படகில் இருந்தவை, ஒரே வயசு, ஒரே அளவு. அப்படியானால் ஒன்றின் உறுப்பை இன்னொன்றுக்கு மாற்றிப் பார்க்கலாம். கெட்ட உறுப்பு எங்கே போகிறதோ அங்கே புகையும் போக வேண்டும். இரண்டு டர்போவையும் கழற்றி இடம் மாற்றினேன். சுவரில் பொருத்தியிருந்த காற்றுக் குழாய்களைத் துணியோடு அப்படியே விட்டுவிட்டு, டர்போவோடு இணைக்கிற ரப்பர் ஹோஸை மட்டும் கழற்றி மாட்டினேன். சாயங்காலம் ஓட்டினேன். முதல் இஞ்சின் சுத்தம். இரண்டாவது இஞ்சின் புகை. டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களையும் மாற்றினேன். அதே கதைதான். பேய் இஞ்சினில் இல்லை, அந்த இடத்தில் இருக்கிறது என்று அண்ணன் சொல்லிவிட்டு, திருப்பதிக்குப் போன் பேசப் போய்விட்டான்.

எனக்கு அவன் மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. நான் எண்ணெயில் குளித்துக்கொண்டிருக்கிறேன், இவன் ஏஜெண்ட்டிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான். ஆனால் பேய் இடத்தில் இருக்கிறது என்று அவன் சொன்னது மட்டும் மண்டையில் நின்றுவிட்டது. இடத்தில் என்ன வித்தியாசம்? இரண்டாவதின் புகைக்குழாய் நீளம், ஒரு வளைவு அதிகம். குழாய் அடைத்திருந்தால் புகை வெளியே போக முடியாமல் இஞ்சினுக்குள்ளேயே திரும்பி அழுத்தும். காற்று உள்ளே வராது. கறுப்பும் வரும், நீலமும் வரும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஒரு கொத்தனார் வீட்டுக் கதவைத் தட்டி, தண்ணீர் மட்டம் பார்க்கிற டியூபை வாங்கி வந்தேன். படகில் இருந்தபோது புகைக்குழாய்க்குள் கடல் தண்ணீரைப் பீய்ச்சுவதற்கு ஒரு துளை உண்டு. அண்ணன் அதை அடைத்து வைத்திருந்தான். அந்த அடைப்பைத் திறந்து, சூட்டுக்காக நடுவில் ஒரு செம்புக் குழாய் வைத்து, டியூபை மாட்டினேன். டியூபை வளைத்துத் தொங்கவிட்டுப் பாதி தண்ணீர் ஊற்றினேன். உள்ளே அழுத்தம் இருந்தால் தண்ணீர் ஒரு பக்கம் ஏறிவிடும். தறிகளை ஓடவிட்டுக் காத்திருந்தேன். புகை வந்தது. இஞ்சின் முக்கியது. தண்ணீர் இருந்த இடத்தைவிட்டு விரல் அளவுகூட நகரவில்லை. குழாயில் அடைப்பில்லை.

இனி எனக்குத் தெரிந்தது எதுவும் பாக்கியில்லை. மறுநாள் காலை அவன் திருப்பதி போக வேண்டும். இவ்வளவு வருஷம் லாரி லாரியாகச் சரி செய்தவன், சொந்த அண்ணனை நிறுத்தி வைக்க ஒரு இஞ்சினைச் சரி செய்யத் தெரியாமல் நிற்கிறேனே. எரிச்சலில் டியூபைப் பிடுங்கி, உள்ளே இழுக்கிற பக்கம் பார்ப்போம் என்று, காற்றுக் குழாயில் இருந்த சின்னத் திருகைக் கழற்றி அதில் செருகினேன்.

டியூபில் இருந்த தண்ணீரை இஞ்சின் ஒரே இழுப்பில் உறிஞ்சிக் குடித்துவிட்டது.

ஒரு நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது, காற்று வரும் வாய் அடைத்திருந்தால்தான் இப்படி இழுக்கும். பிறகு எழுந்து போய்க் குழாய் வாயைத் தொட்டேன். அண்ணி வெள்ளிக்கிழமை கட்டிய துணி, பட்டினி கிடந்தவன் கன்னம் போல உள்ளே ஒட்டிப் போயிருந்தது. மேலே பஞ்சு ஒட்டி, ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தது. பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி. இஞ்சினிலிருந்து சுடுதண்ணீர் திரும்பி விழுந்து ஆவி கிளம்பி, நேராக அந்தத் துணி மேல் அடித்துக்கொண்டிருந்தது. முதல் இஞ்சின் தொட்டியிலிருந்து தள்ளி இருந்ததால் அதன் துணி காய்ந்து மொறமொறவென்று இருந்தது. இதுவும் விடியற்காலையில் காய்ந்துதான் இருக்கும். அதனால்தான் கிளப்பியவுடன் எல்லாம் சரியாக இருக்கிறது. ஓட ஓட ஆவியில் நனைந்து மூக்கு அடைத்துக்கொள்கிறது. காற்று வராமல் டர்போ வெறும் வாயை இழுத்து இழுத்து, கடைசியில் தன் ஆயிலையே உறிஞ்சுகிறது.

ஆனால் ஈரத்துணி வழியாகவும் காற்று கொஞ்சம் போகுமே? இது ஏன் இப்படித் தோல் மாதிரி அடைக்கிறது? இஞ்சினை நிறுத்தி, துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணி வந்தாள். என் கையிலிருந்து வாங்கி, இரண்டு விரலால் தேய்த்து, மோந்து பார்த்தாள்.

"கஞ்சி," என்றாள்.

தறியில் ஏற்றும் பாவுக்குக் கஞ்சி போட்டுத்தான் காய வைப்பார்கள், இல்லாவிட்டால் நூல் அறுந்துவிடும். தறியிலிருந்து அறுத்த துணியில் அந்தக் கஞ்சி அப்படியே இருக்கும், முதல் துவைப்பில்தான் போகும். சூடான ஆவியில் அது ஊறிப் பசையாகி, இரட்டை மடிப்புத் துணியை ஒட்டிவிட்டது. பழைய வேட்டித் துண்டைக் கட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சாமிக்குக் கட்டுகிற மாதிரி கோடியைக் கட்டியதால் வந்த வினை. அண்ணிக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் முகம் செத்துவிட்டது.

"நானா தம்பி அதும் மூச்ச புடிச்சிகினு இருந்தேன்?"

"வுடுங்க அண்ணி. இஞ்சினுல ஒரு குத்தமும் இல்ல. அதான முக்கியம்?"

அவள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு குத்தமும் இல்லியா?"

"இல்ல."

"அப்ப அவுரு போ மாட்டாரு," என்றாள். அழுகையும் சிரிப்புமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவசரப்பட்டோம். அண்ணனைக் கூப்பிட்டேன். அவன் வந்து வாசலில் நின்றான். துணி இல்லாமலே இஞ்சினைக் கிளப்பித் தறிகளைப் போட்டேன். புகை இல்லை. எல்லாத் தறியும் ஒன்றாகத் தட்டின. இரண்டு மாதமாக உறிஞ்சிய ஆயில், டர்போவுக்கும் இஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற குழாயின் பள்ளத்தில் தேங்கிக் கிடந்தது. முழுக் காற்று வந்ததும் அது மொத்தமாகக் கிளம்பி இஞ்சினுக்குள் போனது.

சத்தம் ஏறியது. நான் கை வைக்காமலே வேகம் கூடியது. டீசலை நிறுத்தும் லீவரை இழுத்தேன். நிற்கவில்லை. டீசலே இல்லாமல், தன் ஆயிலைத் தின்று ஓட ஆரம்பித்துவிட்டது. லாரியில் ஒரே ஒரு தடவை இதைப் பார்த்திருக்கிறேன், அந்த இஞ்சின் கடைசியில் வெடித்து இரும்புத் துண்டு சுவரில் பதிந்தது. தரை அதிர்ந்தது. கரண்ட் ஏறிப் போய் ஷெட்டில் பல்புகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. தறிகள் பைத்தியம் பிடித்துத் தட்டின. நீலப் புகையில் என் கையே எனக்குத் தெரியவில்லை. அண்ணன் தறி ஓட்டும் கூலியாட்களைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தான்.

"வாய மூடணும்," என்று கத்தினேன். "காத்து போற வாய."

மூட எதுவும் கையில் அகப்படவில்லை. கோணியைப் போட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். கையை வைத்தால் கை போய்விடும். தடவித் தேடிக்கொண்டிருந்தபோது அண்ணி புகைக்குள் வந்தாள். கையில் சமையல்கட்டில் உட்காருகிற மணைப்பலகை. என்னிடம் கொடுக்கவில்லை. வாரா வாரம் கட்டிய வாய் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். நேராகப் போய்ப் பலகையை அதன் மேல் அறைந்தாள். பலகை ஒட்டிக்கொண்டது. நானும் போய் அழுத்தினேன். இஞ்சின் இரண்டு தடவை குலுங்கியது, திக்கியது, நின்றது.

அண்ணியின் தலைமுடியெல்லாம் கரி. பலகையிலிருந்து கையை எடுக்க அவளுக்கு வரவில்லை, நான்தான் விரல்களைப் பிரித்துவிட்டேன். அண்ணன் வாசலிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்படி ஒரு பார்வையை அவன் முகத்தில் நான் முன்னே பார்த்ததில்லை. பெருமை என்றுதான் அப்போது நினைத்தேன்.

மத்தியானம் முழுக்கக் குழாய்களைக் கழற்றித் தேங்கிய ஆயிலை வடித்தேன். டீசலில் கழுவினேன். ஆயில் மாற்றினேன். உள்ளே ஏதாவது உடைந்திருக்கிறதா என்று கையால் சுழற்றிப் பார்த்தேன், நல்லவேளை இல்லை. அண்ணி ஒரு பழைய வேட்டியைத் துவைத்துக் காய வைத்து, ஒற்றையாகக் கிழித்துக் கட்டினாள். தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் தகரம் ஒன்றை நிறுத்தினோம். மறுபடி கிளப்பும்போது பலகையை அவள் கையிலேயே கொடுத்து நிற்க வைத்தேன். தேவைப்படவில்லை. வெயில் சாயும் வரை பத்துத் தறியும் ஓடின, புகைக்குழாய்க்கு மேல் காற்று சூட்டில் அலையாடியதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து ஷெட்காரர்கூட வந்து டீ குடித்துவிட்டுப் போனார்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அண்ணி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். எனக்கும் அண்ணனுக்கும் பரிமாறினாள். நாங்கள் சின்ன வயசில் சண்டை போட்டதையெல்லாம் சொல்லி நான் அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"காலைல திருப்பதி போறேன். ஏஜெண்ட்டாண்ட சரின்னு சொல்லிட்டு வந்துடறேன்."

கரண்டி அண்ணி கையிலேயே நின்றது. "இஞ்சினுதான் சரியாப் போச்சே," என்றாள்.

"அதான் போறேன். கெட்டுப் போன இஞ்சின உன் தலைல கட்டிட்டு எப்டி போறதுன்னுதான் ரெண்டு மாசமா நின்னுகினு இருந்தேன்." என்னைப் பார்த்தான். "எதுனா ஒண்ணுன்னா நீ ரேணிகுண்டாலேர்ந்து வந்துடுவ. அவ பாத்துக்குவா. இன்னிக்குப் பாத்தேன் இல்ல? என்னால கிட்ட வர முடியல. அவ போனா."

"அப்ப எதுக்குண்ணா போவணும்?" என்றேன். என் குரல் ஏறிவிட்டது. "தறி ஓடுது. துன்றதுக்குக் கொற இல்ல. எதுக்கு?"

அவன் சோற்றைப் பிசைந்தான். "எனக்குப் போவணும்டா," என்றான். "பொறந்ததிலேர்ந்து இந்த டக்கு டக்கு. ஒரு தடவ வேற எடத்துல எயுந்திரிக்கணும்."

எதற்காகப் போகிறான் என்று நான் அவனிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அண்ணி அவனைப் பார்க்கவில்லை. குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள். என் தட்டில் சோறு தீர்ந்திருந்ததைப் பார்த்து இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.

"அந்தத் துணிய நீ பாக்காமலே இருந்திருக்கலாம் தம்பி," என்றாள்.